ஏழு பௌர்ணமி இருமல்

“வந்தவாசியிலிருந்து வந்திருக்கும் பெரியவர் முனுசாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்புப் பந்தலுக்கு வரவும். உங்கள் மனைவி உங்களுக்காக இங்கே...”

‘காத்திருக்கிறார்’ என்று முடித்திருக்க வேண்டும். முடிக்க விடவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கிளம்பியது. ஒன்றல்ல, வரிசையாக ஏழெட்டு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி நான் கட்டியிருந்த கடைசிக் குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் அந்த இருமல் போய்ச் சேர்ந்தது.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். இருமியது என் மனைவி வசந்தா.

“மைக் ஆன்ல இருக்குது வசந்தா! ரெண்டு நிமிஷம் அடக்கிக்க முடியாதா உன்னால?”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மைக்கைச் சரி செய்துகொண்டு, முனுசாமியை மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன்.

அது ஐப்பசிப் பௌர்ணமி. சாயங்காலம் ஆறு, ஆறரை இருக்கும். கூட்டம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. கற்பூரப் புகை, செருப்பில்லாத ஆயிரக்கணக்கான கால்கள் கிளப்பும் மண், பக்கத்துக் கடையில் வேகும் சோளத்தின் வாசனை.

கால் மணி நேரத்தில் முனுசாமி வந்து சேர்ந்தார். வந்த மனுஷன் அழுதுகொண்டிருந்த தன் மனைவியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வசந்தாவைத்தான் பார்த்தார்.

“ஏம்மா, இன்னுமா இந்த இருமல் நிக்கல? போன பௌர்ணமிக்கும் மைக்ல கேட்டுச்சு. ஆடி மாசமும் கேட்டுச்சே!”

“தூசி பெரியவரே. பௌர்ணமித் தூசி. வேற ஒண்ணுமில்ல” என்றேன், வசந்தா வாயைத் திறப்பதற்குள்.

மாதாமாதம் வந்து மாதாமாதம் தொலைந்து போகிற மனுஷனுக்கு அது ஞாபகம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்கிற எனக்கு இல்லை.

என் காதின் லட்சணம்

போன வாரம் இந்தப் பக்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேர் தேடியும் அகப்படாத கரகர சத்தத்தை, நான் வாசலில் நின்றபடியே எந்த ஒயர் என்று சொன்ன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் போன் செய்தார்கள். “உங்களுது தங்கக் காதுங்க” என்றார் ஒருவர். எனக்கும் இரண்டு நாள் தலை கால் புரியவில்லை.

அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். கொஞ்சம் இறங்கி நடப்பது உடம்புக்கு நல்லது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஏகாம்பரம். திருவண்ணாமலையில் மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, அரசியல் கூட்டம், எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுப்பவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஒரு கமிட்டிக்காரர்கள் பந்தல் போடுவார்கள். அதில் காணாமல் போனவர்களைக் கூப்பிடும் குரல் என்னுடையது.

மூன்று தெருவுக்கு அப்பால் ஸ்பீக்கர் இரைந்தால் எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போதே எந்த ஊர்க் கோயிலில் ஆம்ப்ளிஃபயர் சூடேறிவிட்டது என்று சொல்வேன். இதைச் சொல்லிச் சொல்லியே வசந்தாவை இருபத்தெட்டு வருஷமாக அலுக்க வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட காது ஏழு மாதம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம். அந்த ஏழு மாதத்தில் வசந்தா என் கையை விட்டுப் போய்விடப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் பேரைச் சொல்லாதவர்கள்

பந்தலில் வசந்தாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். என் வேலையில் பாதிக்கு மேல் அவளுடையதுதான்.

கிரிவலத்தில் குழந்தைகள் தொலைவது கம்மி. கையைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். தொலைவதெல்லாம் வீட்டுக்காரர்கள். டீ குடிக்க ஒதுங்குவார், பீடிக்கு ஒதுங்குவார், அப்புறம் அவ்வளவுதான். அந்தம்மா பந்தலுக்கு ஓடி வருவார். பேர் என்னம்மா என்றால் சொல்லமாட்டார். வயதான கிராமத்துப் பெண்களுக்கு இன்றைக்கும் புருஷன் பேர் நாக்கில் வராது. முருகன் பேரா, பெருமாள் பேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தலையாட்டலைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். “பேர் சொல்லாட்டி நான் எப்படிம்மா கூப்பிடறது, ஓய்னா கூப்பிட முடியும்?” என்று ஒரு அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அந்தம்மா பயந்துபோய் இன்னும் ஜாஸ்தி அழுதார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிஷத்தில் பேரை வாங்கிவிட்டாள். துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். அன்று தொடங்கி அவள் கேட்பாள், எழுதுவாள், நான் படிப்பேன். கேட்பது அவள், பேசுவது நான். வீட்டிலும் இதே ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாதாமாதம் புது இருமல்

எங்கள் தொழிலில் பௌர்ணமி முடிந்தால் எல்லாரும் இருமுவோம். பந்தல்காரர், டீக்கடைக்காரர், பூ விற்கிறவர், நான், எல்லாரும்தான். மண்ணும் புகையும் தொண்டையில் உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு. தானாகப் போய்விடும். அதற்குப் பேரே ‘பௌர்ணமி இருமல்’.

வசந்தாவுக்குச் சித்ரா பௌர்ணமி ராத்திரியே இருமல் வந்தது. பௌர்ணமி இருமல் என்றோம். அது போவதற்குள் வைகாசிப் பௌர்ணமி வந்துவிட்டது. அப்புறம் இருமினால், அது வைகாசி இருமல். ஆனியில் இருமினால் ஆனி இருமல். பழைய இருமலைப் பற்றி யாருக்கு என்ன கவலை? மாதாமாதம் முதலிலிருந்து நாள் எண்ணினோம். எண்ணினோம் என்ன, எண்ணினேன்.

மருந்தே வாங்கவில்லை என்று நினைக்காதீர்கள். மருந்துக்கடையில் சிரப் வாங்கினேன். சிவப்பு சிரப் கேட்கவில்லை என்றால் பச்சை, பச்சை கேட்கவில்லை என்றால் ஆரஞ்சு. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு, வீரியமான மாத்திரை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலமானால் அடித்துக்கொண்டிருந்த காய்ச்சல் ஒரு பத்து நாள் ஓடிப்போனது. “பார்த்தியா, நான் சொன்னேன்ல!” என்றேன். பதினோராவது நாள் காய்ச்சல் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் பஜனைக்கு ஸ்பீக்கர் போடப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தார். வசந்தாவின் இருமலைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தம்மா கண்ணை மூடி யோசித்து, நெஞ்சில் ரொம்ப நாள் துக்கம் அடைந்து கிடக்கிறது, அதுதான் வெளியே வருகிறது என்றார். ஒரு பொட்டலம் இலைத்தூளும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, “உனக்கு என்ன துக்கம் வசந்தா?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நான் அடங்கிப்போனேன். இலைத்தூளை மட்டும் மூன்று வாரம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது. அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்ட ஆள் நான். “பரவாயில்லையே, கல்யாணத்தப்போ இருந்த மாதிரி ஆயிட்டியே!” என்று சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பட்டியலோடு வந்த பெண்

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மஞ்சுளா என்று பேர். கையில் பட்டியல், தோளில் பை. வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்பது அவள் வேலை.

“வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்குதாங்க?”

வசந்தா உள்ளே அடுப்படியில் இருந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, அன்றைக்குத் தேதி என்ன, பௌர்ணமி என்றைக்கு என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். பத்து நாள்தான் ஆகியிருந்தது. “இல்லைங்க” என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண் எந்த நோயைத் தேடி வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். பையிலேயே எழுதியிருந்தது. எங்கள் மகளைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறோம். கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ‘பொண்ணோட அம்மாவுக்கு டி.பி.யாம்’ என்று அந்த வீட்டில் ஒரு வார்த்தை போனால்? அந்தப் பயம் எனக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் அவளை அனுப்பிவிட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

ஆவணியில் மறுபடியும் வந்தாள். அதே கேள்வி. “பன்னெண்டு நாள்தாங்க ஆகுது” என்றேன். அந்த நேரம் பார்த்து வசந்தா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். மஞ்சுளா என்னை விட்டுவிட்டு அவள் கழுத்தெலும்பையே பார்த்தாள். பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள்.

“அக்கா, காலைல எழுந்ததும், பல்லு விளக்கறதுக்கு முன்னாடி, நெஞ்சுலருந்து நல்லா இருமி, சளி எடுத்து இதுல குடுங்க. நாளைக்கு நானே வந்து வாங்கிக்கறேன்.”

சுத்தமான எச்சில்

டப்பா வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அதை வெந்நீர் ஊற்றிக் கழுவியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமான் இல்லையா!

மறுநாள் வசந்தா வழக்கம்போல எழுந்து, பல் விளக்கி, குளித்து, விளக்கேற்றி, அதற்குப் பிறகுதான் டப்பாவைக் கையில் எடுத்தாள். குளிக்காமல், விளக்கேற்றாமல், காலையில் முதல் வேலையாகக் காறித் துப்புவதா? அவளுக்கு மனசு ஒப்பவில்லை. எனக்கும்தான் ஒப்பவில்லை. அதுவும் துப்பியதை இன்னொரு பொம்பளைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவதாவது!

“ரொம்ப அசிங்கமா இல்லாம, கொஞ்சம் சுத்தமா குடு” என்றேன்.

சொன்ன பேச்சைக் கேட்கிறவள். சுத்தமாகக் கொடுத்தாள். வெறும் எச்சில்.

நாலு நாளில் ரிசல்ட் வந்தது. கிருமி இல்லை. எனக்கு வந்ததே சந்தோஷம்! கால் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக்கும் இரண்டு கொடுத்தேன். கவர்ன்மெண்டே பார்த்து இல்லை என்று சொல்லியாகிவிட்டது, இனி எவன் என்ன சொல்ல முடியும்? அதற்கப்புறம் யார் கேட்டாலும் அந்த ரிசல்ட்டைத்தான் எடுத்து நீட்டினேன்.

மஞ்சுளா மூன்று தடவை போன் செய்தாள். ஒரு தடவைதான் எடுத்தேன். “அண்ணா, அது சளி இல்ல, எச்சில்தான் வந்திருக்குது. இன்னொரு தடவை குடுக்கச் சொல்லுங்க. முடிஞ்சா ஒரு எக்ஸ்ரே...” என்றாள். சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிட்டேன். அப்புறம் அந்த நம்பர் வந்தால் எடுப்பதில்லை. வசந்தாவிடம் சொல்லவும் இல்லை.

புரட்டாசி போனது. ஐப்பசி போனது. நான் முனுசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கட் பண்ணின சத்தம்

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பௌர்ணமியும் பந்தலில் பேசுவது மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பேன். எங்கள் ஆளைக் கூப்பிடவே இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்டலாம். அதோடு, ‘பக்தர்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்’ மாதிரியான பொது அறிவிப்புகளை அதிலிருந்து வெட்டி எடுத்து, அடுத்த மாதம் திரும்பத் திரும்பப் போடலாம். என் தொண்டைக்கு ஓய்வு.

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்திலேயே பெரிய கூட்டம். ஒரு நாள் காலையில் கடையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நல்ல அறிவிப்புகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஐப்பசிப் பதிவைத் திறந்தேன். என் குரலுக்கு நடுவில் இருமல். அந்தத் துண்டைக் குறித்து, வெட்டி எறிந்தேன். அடுத்த அறிவிப்பிலும் இருமல். வெட்டினேன். எரிச்சலாக வந்தது. சரி, புரட்டாசியில் எடுக்கலாம் என்று அதைத் திறந்தேன். அங்கேயும் இருமல். ஆவணி, ஆடி, ஆனி, எல்லாவற்றிலும் இருந்தது.

அப்போதுதான் கை நின்றது. இது எனக்குப் புது வேலை இல்லையே என்று உறைத்தது. நான் ஒவ்வொரு மாதமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே இருமலை இப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கொசு அடிக்கிற மாதிரி, எத்தனை அடித்தோம் என்றுகூட எண்ணாமல்.

வெட்டாத பழைய பதிவுகளை எடுத்தேன். சித்திரையில் ஆரம்பித்து வரிசையாகக் கேட்டேன். சித்திரையில் வறட்டு இருமல், சின்னதாக, கூச்சப்பட்டுக்கொண்டு. ஆடியில் சளி சேர்ந்துவிட்டது. புரட்டாசியில் இருமி முடித்ததும் மூச்சை இழுக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. ஐப்பசியில் அதை இருமல் என்றே சொல்ல முடியாது, உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. கடைசியில் என் குரல்: ‘ரெண்டு நிமிஷம் அடக்கிக்க முடியாதா உன்னால?’ கையால் பொத்தினேனே, அதெல்லாம் மைக்குக்கு ஒரு தடையா? தெளிவாக விழுந்திருந்தது. ஊர் பூராவும் கேட்டிருக்கும்.

ஏழு பௌர்ணமி. பத்து நாளுமில்லை, பன்னிரண்டு நாளுமில்லை, ஏழு மாதம். ஹெட்போனைக் கழற்றவும் தைரியம் வரவில்லை, மாட்டிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அடப்பாவி ஏகாம்பரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

கடையைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. வீட்டுக்கு ஓடினேன். வசந்தா குழாயடியில் உட்கார்ந்து ஒரு துண்டை அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை வாளிக்குள் அமுக்கினாள். நான் வாளியைப் பிடுங்கினேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

“எத்தனை நாளா இது?”

“நாலு நாளா. தீபம் முடியட்டும்னு இருந்தேங்க. உங்களுக்கு வேலை ஜாஸ்தி இருக்குமே.”

அக்கா சொல்லட்டும்

எடுக்காமல் விட்ட அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள் மஞ்சுளா. நான் உளறியதைக் கேட்டுவிட்டு, “ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கண்ணா, நான் வாசல்ல நிக்கறேன்” என்றாள். ஏன் இத்தனை நாள் போனை எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். “எத்தனை நாளா இருமல்?” என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். ஏழு மாதப் பதிவையும் செல்போனில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். பெரிய கண்டுபிடிப்பு அல்லவா!

“அண்ணா, நீங்க சும்மா இருங்க. அக்கா சொல்லட்டும்” என்றாள் மஞ்சுளா.

வசந்தா யோசிக்கவே இல்லை. “சித்ரா பௌர்ணமி ராத்திரிலருந்து சார். நடுவுல ஒரு நாள்கூட நிக்கல. காய்ச்சல் ஆனிலருந்து வருது. ராத்திரில வேர்வை. சோறு இறங்கல.”

நான் அசந்துபோனேன். “தெரிஞ்சிருந்தா நீ ஏன் சொல்லல?”

“அந்தப் பொண்ணு கேட்டப்போ நீங்கதான் பன்னெண்டு நாள்னு சொல்லிட்டீங்களே. வாசல்ல நாலு பேர் பாக்கறப்போ, வீட்டுக்காரர் சொன்னதை நான் வந்து இல்லனு சொன்னா நல்லாவா இருக்கும்?”

டாக்டர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். செல்போனை நான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை மஞ்சுளா பக்கத்திலேயே நின்று, முதுகைத் தடவி, சளியை எடுக்க வைத்தாள். மறுநாள் ரிசல்ட். காச நோய். எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடது நுரையீரலின் மேல்பக்கத்தை டாக்டர் காட்டினார். ஒரு ஓட்டை. படிக்காத எனக்கே தெரிந்தது. எடை முப்பத்தாறு கிலோ. ரத்தம் வேறு நிற்காததால் வார்டில் சேர்த்தார்கள்.

“பொழச்சுக்குவாளா சார்?” என்று கேட்டேன்.

“மருந்து நல்ல மருந்து. ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. ரெண்டு வாரம் போகட்டும், பாப்போம்” என்றார்.

ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். எனக்கு மெதுவாக எதுவும் செய்ய வராது.

மலைக்கு முதுகு

தீபத்தன்று பந்தலில் வேறொருவர் மைக் பிடித்தார். நான் வார்டில் இருந்தேன். சாயங்காலம் ஆனதும் ஆஸ்பத்திரியே காலியானது போலிருந்தது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வராந்தாவுக்கும் மொட்டை மாடிக்கும் போய், மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸம்மாகூடச் சன்னலோரம் போய்க் கைகூப்பி நின்றார். தீபம் ஏறியதும் எழுந்த கோஷம் வார்டுக்குள் வந்தது.

பிறந்ததிலிருந்து ஒரு தீபத்தைக்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை. அன்றைக்கு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வசந்தாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும், இறங்கும், ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் எனக்கு உயிரே போய்த் திரும்பும். அப்பனே, இவளை விட்டுவிடு, என் குரலை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று வேண்டினேன். யாருக்கும் வேண்டாத சாமானைத்தான் பேரத்துக்கு வைத்தேன் பாருங்கள்.

ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. பத்தாம் நாள் இட்லி கேட்டாள். நாலு இட்லி! வார்டு முழுக்க இந்தச் சேதியை அறிவித்தேன், மைக் இல்லாமலேயே.

மகளின் மாமியார் வீட்டுக்கு விஷயம் போனது. நான்தான் சொன்னேன். சம்பந்தியம்மா மறுநாளே பஸ் பிடித்து, ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டையோடு வந்து நின்றார். “இதுக்கா சம்பந்தி இத்தனை நாள் மறைச்சீங்க? எங்க அண்ணனுக்கே வந்து சரியாச்சு” என்றார். எந்தப் பயத்துக்காக ஆனியிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அந்தப் பயத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

பதினேழு நாள்

வசந்தா வீட்டுக்கு வந்தாள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரைகள். மஞ்சுளா வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பாள். வரும்போதெல்லாம் என்னிடம், “கூட இருக்கறவங்களும் டெஸ்ட் எடுக்கணும்ணா, எப்ப வர்றீங்க?” என்பாள். தீப வேலைப் பாக்கி, மார்கழி பஜனை வேலை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பட்ட பிறகுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆமாம், இவ்வளவு பட்ட பிறகும்தான்.

மார்கழியில் ஒரு நாள் வந்தவள், பட்டியலை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“சரி, இதையாவது சொல்லுங்க. உங்களுக்கு இருமல் ஏதாவது இருக்குதா?”

“எனக்கென்ன? ஒண்ணுமில்ல. பனிக்கு லேசா கமறுது, ரெண்டு மூணு நாளா.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த வசந்தா எழுந்து உட்கார்ந்தாள். குரல் இன்னும் முழுசாக வரவில்லை அவளுக்கு.

“பதினேழு நாளாச்சு மஞ்சு. எழுதிக்கோ. விடியக்காலைலதான் ஜாஸ்தி வருது. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

மஞ்சுளா எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை பல் விளக்காமல், குளிக்காமல், சுத்தம் பார்க்காமல் டப்பாவில் துப்பிக் கொடுத்தேன். ரிசல்ட் வந்ததும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வசந்தாவை வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. “நீங்க அங்க போய் ஏதாவது மாத்திச் சொல்லுவீங்க” என்று கூடவே கிளம்பிவிட்டாள்.

டாக்டர் அறை முதல் மாடியில். என் முறை வந்துவிட்டது என்று நான் முன்னால் ஏறிவிட்டேன். என் படத்தைச் சன்னலில் பிடித்துப் பார்த்தார்.

“உங்களுக்கும் இருக்குது. ஆனா இப்பதான் ஆரம்பம். நுரையீரல் நல்லாத்தான் இருக்குது, ஒரு சேதமும் இல்ல. ஆறு மாசம் மாத்திரை ஒழுங்கா போட்டா சுத்தமா போயிடும். யாரும் இவ்வளவு சீக்கிரம் வர்றதில்லைங்க. நல்ல காரியம் பண்ணீங்க” என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

வசந்தா இன்னும் மேலே வந்து சேரவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“சீக்கிரமா வந்துட்டேனாம்.”

“நல்லதாப் போச்சுங்க” என்றாள். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.